கஸ்தூரிக்கு வந்த சீட்டு

தெய்வசிகாமணிச் செட்டியாருக்குச் சந்தேகம் தொழிலோடு வந்தது. கரிக்கலாம்பாக்கம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். வருகிற பருப்பு மூட்டை ஒவ்வொன்றையும் குத்தூசி போட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே இறக்குவார். மேலே ஒரு பருப்பு, அடியில் வேறு பருப்பு என்று வைத்துக் கட்டுகிற ஆட்களிடம் ஏமாந்து ஏமாந்து வந்த பழக்கம். அதைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் மனுஷருக்கு அந்தக் குத்தூசியைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியவில்லை.

மனைவி கஸ்தூரி அரியூர்க்காரி, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தையில்லாமல் வீட்டுக்குள் புழுங்கிக் கிடந்தாள். எமர்ஜென்சி முடிந்த வருஷம், பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவளுக்குப் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. மூக்கொழுகும் பிள்ளைகள் 'டீச்சர், டீச்சர்' என்று முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவள் முகமே மாறிப்போயிற்று. இந்த வேலை போனால் மறுபடி நாலு சுவர்தான் என்பது அவளுக்கும் தெரியும், செட்டியாருக்கும் தெரியும்.

அந்த ஊருக்குப் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. செட்டியாரே பாண்டிச்சேரிக்குப் போய்ப் பச்சை நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி வந்தார். பெருமையாகத்தான் வாங்கி வந்தார். ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "தோ பாரு, ஊர்ல ஒரு பேச்சு வந்துதுன்னு வெச்சுக்கோ, அன்னிக்கே சைக்கிள வித்துடுவேன். வேலையையும் வுட்டுடணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அறுவடை முடிந்த வயலில் விழுந்து எழுந்து கஸ்தூரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஏரிக்கரை வழியாகத் தினமும் போக ஆரம்பித்தாள். அதன் பிறகுதான் செட்டியாருக்குத் தூக்கம் கெட்டது.

முன்பெல்லாம் சோறு போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். இப்போது சுவரில் சாய்ந்து நின்றபடியே பரிமாறினாள். "ஒக்காரேன்டி" என்றால், "இருக்கட்டும், பிள்ளைங்களோட பொழுதுக்கும் ஒக்காந்துதான இருக்கேன்" என்று நழுவினாள். வேலை விட்டு வந்ததும் வராததுமாகக் குளிக்க ஓடினாள். தேங்காயெண்ணெய் பாட்டில் மளமளவென்று காலியானது, தலையைப் பார்த்தால் காய்ந்து கிடந்தது. படுக்கையில் கிட்டே போனால், "ஒடம்பெல்லாம் வலி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஆசையாக எடுத்துக் கொடுத்த மொடமொடப்பான கஞ்சிப் புடவைகளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, துவைத்துத் துவைத்து நைந்துபோன மெல்லிய வாயில் துணிப் புடவைகளாகக் கட்டிக்கொண்டு போனாள். வேலைக்குப் போகிறவள் புதுசாகக் கட்டினால் புருஷனுக்குச் சந்தேகம் வரும் என்பது உலகத்தில் உள்ளதுதான். பழசாகக் கட்டினாலும் வருமா என்றால், செட்டியாருக்கு வந்தது. யாரையோ பார்க்கப் போகிறாள், ஊர் கண்ணில் படாமல் இருக்கத்தான் இந்த எளிமை என்று கணக்குப் போட்டார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் காதில், தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து பேச்சுக் குரல் விழுந்தது. அன்று பால்வாடி லீவு. கஸ்தூரியோடு பேசிக்கொண்டிருந்தவள் அடுத்த தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் ரோசம்மாள்.

"பக்கிரி சீட்டு குடுத்தாரா, இல்லியா?"

"இன்னும் இல்லக்கா. வெள்ளிக்கெழம வரச் சொல்லிக்கிறாரு. கும்பல் இல்லாத நேரமா பாத்துப் போவணும். நாலு பேரு முன்னாடி இதெல்லாம் அவருகிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருக்குது."

"வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"ஐயோ, நீ ஒண்ணு. அவருக்குத் தெரிஞ்சா சைக்கிளே போயிடும்."

செட்டியார் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

பக்கிரி கடைத்தெருக் கோடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். வாட்டசாட்டமான ஆள். செட்டியாருக்கு விடிந்தால் அடைந்தால் சீட்டோடுதான் பிழைப்பு. 'துவரம்பருப்பு, புளி, மிளகாய்' என்று வாடிக்கைக்காரர்கள் எழுதி அனுப்புகிற துண்டுக் காகிதங்கள். அவரைப் பொறுத்தவரை சீட்டு என்றால் ஒருத்தர் எழுதுவது, இன்னொருத்தர் படிப்பது. தன் மனைவிக்குப் பக்கிரி எழுதுகிறான் என்றால் அதில் பருப்பும் புளியுமா இருக்கும்? முதலில் வந்தது துக்கம்தான். கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

மறுநாள் காலை தோட்டத்துக் கொடியில் உலர்ந்த புடவையை ஒதுக்கினால், அதற்கு அடியில் மறைவாக ஒரு காக்கி டவுசர். செட்டியார் பிறந்ததிலிருந்து வேட்டிதான். இருந்தாலும் எடுத்து வயிற்றில் வைத்துப் பார்த்தார். அது அவருடையது இல்லை என்பதற்கு அவர் தொந்தியே சாட்சி சொல்லிற்று. ஊரில் பொழுதுக்கும் காக்கி டவுசரோடு திரிகிற ஆள் யார்? பக்கிரிதான். பனியனும் காக்கி டவுசருமாகத்தான் அவன் பஞ்சர் ஒட்டுவான்.

அந்த நிமிஷம் உள்ளே போய், "இது யாருதுடி?" என்று கேட்டிருந்தால் காரியம் அடுப்பங்கரையிலேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. குத்தூசி போட்டுப் பழகியவர்கள் மூட்டையிடம் கேள்வி கேட்பதில்லை. டவுசரை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார். இடைப்பட்ட நாளெல்லாம் அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், சும்மா இருந்தால் யாரை நினைக்கிறாள் என்று வெந்துகொண்டிருந்தார். கடையில் ஜீரகம் கேட்டவருக்குச் சோம்பு கட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பக்கிரி கடைக்கு எதிரே இருந்த பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றார். கஸ்தூரி பார்த்து வந்த நேரம் என்னவோ சரியான நேரம்தான். ஆனால் அவள் போதாத காலம், கரும்பு வண்டிக்காரர்கள் அப்போதுதான் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் தயங்கி நின்றாள். பக்கிரி நியூஸ் பேப்பரில் சுற்றிய எதையோ உள்ளேயிருந்து எடுத்து வந்து நீட்டினான்.

"இந்தாங்க டீச்சரம்மா, சீட்டு ரெடி. நீங்க சொன்ன மாதிரி வந்துக்குதா பாருங்க."

செட்டியார் பாய்ந்தார். "டேய்! என் பொண்டாட்டிக்கு இன்னா சீட்டுடா குடுக்கற நீ?"

பக்கிரி திருதிருவென்று விழித்தான். "சைக்கிள் சீட்டுதான் செட்டியாரே. வேற இன்னா சீட்டு குடுப்பாங்க சைக்கிள் கடையில?"

பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தார். உள்ளே காகிதமும் இல்லை, கடுதாசியும் இல்லை. பின்பக்கம் அகலமாக, மூக்கு குட்டையாக, அடியில் தடித்த ஸ்பிரிங்குகளோடு, பஞ்சு வைத்து ரெக்சின் தைத்த ஒரு சீட்டுதான் இருந்தது.

"கம்பெனி சீட்டு ஒத்துக்கலன்னு சொன்னாங்க" என்றான் பக்கிரி. "எங்க ஒத்துக்கலன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. பழைய சீட்டு மேல சாக்பீஸால கோடு போட்டுக் காமிச்சாங்க, இந்த எடம் அகலமா வேணும், இந்த மூக்கு வேணாம், சீட்டக் கொஞ்சம் எறக்கி வெய்யுங்கன்னு. நானும் ரெண்டு தடவ மாத்திட்டேன். லேடீஸ் சைக்கிள்னு பேருதான், ஆம்பளைக்குச் செஞ்ச சீட்டு அது, அவங்க மேல இன்னா தப்பு?"

டீக்கடை பெஞ்ச் மொத்தமும் சிரித்தது. செட்டியாரும் சேர்ந்து சிரித்துவிட்டு எல்லாருக்கும் ஒரு டீ சொல்லியிருந்தால், பத்து நாளில் ஊர் மறந்திருக்கும். ஆனால் தோற்றுப்போன கோபத்துக்குக் கண் தெரிவதில்லை. கையில் இன்னொரு சாட்சி இருக்கிறது என்ற நினைப்பு வேறு.

"அப்ப என் வூட்டுக் கொடியில காயிற காக்கி டவுசரு? அது உன்னுது இல்லாம யாருதுடா?"

சிரிப்பு நின்றுபோயிற்று. பக்கிரி குனிந்து தன் டவுசரைப் பார்த்துக்கொண்டான்.

"என்னுது" என்றாள் கஸ்தூரி.

பெஞ்ச் மொத்தமும் அவள் பக்கம் திரும்பிற்று. ஆனாலும் நிறுத்தவில்லை. "பொடவைக்குள்ள நான் போட்டுக்கறது. சைக்கிள் மிதிச்சு மிதிச்சுத் தொட ஒரசிப் புண்ணாயிடுச்சு. பாவாடத் தையலு வேற அறுக்குது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத் தெச்ச மிச்சத் துணியில, நடுவுல தையல் வராம ரோசம்மாக்கா தெச்சுக் குடுத்தாங்க. எண்ண தடவிக்கினு அதப் போட்டுக்கினாத்தான் என்னால போவ முடியுது. போதுமா?"

பெஞ்சில் இருந்த அத்தனை கண்ணும் அவள் புடவைக்கு இறங்கிற்று. அதைச் செட்டியாரும் பார்த்தார். கஸ்தூரி அவர் கையிலிருந்து சீட்டை வாங்கிப் பக்கிரியிடமே கொடுத்து, "மாட்டிக் குடுங்க" என்றாள். அவன் மாட்டி முடிக்கும் வரை தலைநிமிர்ந்து அங்கேயே நின்றாள். பிறகு ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு வந்தபோது செட்டியாருக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. பெண்டாட்டி தன்னுடையவளாகவே இருக்கிறாள். அதைவிட என்ன வேண்டும்? அடுப்படிக்குப் போய்க் குழைவாகப் பேசினார். அதில் நடிப்பு இல்லை. புண் என்று கேட்டதும் நிஜமாகவே அவருக்குத் துடித்தது.

"இம்மாம் வலிய வெச்சுக்கினு எதுக்குடி மறைச்ச? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கே சைக்கிள நிறுத்தச் சொல்லியிருப்பனே."

"அதுக்குத்தான் சொல்லல" என்றாள் கஸ்தூரி.

அவர் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் கிளம்பினாள். டீக்கடையைத் தாண்டும்போது எவனோ ஒருவன், "டவுசர் டீச்சர் போறாங்கோ!" என்று நீட்டி முழக்கினான். அந்தச் சத்தம் மளிகைக் கடை வரை கேட்டது. மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுக்க அந்தப் பேர்தான். அரைப்படி உளுந்து வாங்க வந்த தங்கவேல் கல்லாவில் சாய்ந்துகொண்டு, "டவுசர் டீச்சர் சௌக்கியமா செட்டியாரே?" என்று கண்ணடித்தான்.

செட்டியார் கையிலிருந்த படியைக் கீழே வைத்தார். "யோவ், யாரப் பாத்து இன்னா பேசற? பல்லப் பேத்துடுவேன்!"

"கோச்சுக்காத செட்டியாரே" என்றான் தங்கவேல். "நாங்களா சொன்னோம்? பொடவைக்குள்ள இன்னா இருக்குதுன்னு ஊருக்கு எப்பிடித் தெரியும்? நீதான நாலு பேரு முன்னாடி கேட்டுச் சொல்ல வெச்ச."

கடையில் நின்றவர்கள் அவனை அடக்கினார்கள். ஆனால் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை. செட்டியார் உளுந்தை அளந்தார். ஊரில் பேச்சு வந்தால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்றவர் அவர்தான். இப்போது பேச்சு வந்துவிட்டது. கொண்டு வந்ததும் அவரேதான்.

சாயங்காலம் கஸ்தூரி நேராக வீட்டுக்குப் போகவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து, கடை வாசலில் வந்து இறங்கி ஸ்டாண்டு போட்டாள். ஏரிக்கரைப் புழுதி முகமெல்லாம் அப்பியிருந்தது. டவுசர் என்று கத்தியவர்களைத் தாண்டித்தான் போனாள், தாண்டித்தான் வந்தாள். சாமான் வாங்க நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலகி வழி விட்டார்கள். அவள் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இன்னாங்க, எம்மேல வேற எதனா சந்தேகம் இருக்குதா? இருந்தா இங்கியே கேட்டுடுங்க. எல்லாரும் இருக்காங்க."