ஊரெல்லாம் பத்திரகாளி

எப்போதும்வென்றான் ஊரில் கோமதியம்மாளின் வாய்க்குப் பயந்து காக்கைகூட அவள் கூரையில் உட்காராது. அப்படிப்பட்டவளும் மருமகள் பத்திரகாளியைப் பெயர் சொல்லி வைததில்லை. ‘ஏட்டி’, ‘மூதேவி’ இரண்டிலேயே காலம் ஓடிற்று. அம்மன் பெயர் கொண்டவளைப் பெயர் சொல்லி வைதால் அது நேரே அம்மனுக்கே போய்ச் சேரும் என்பது எங்கள் பக்கத்துப் பயம்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில், அடுப்பெரிக்க வைத்திருந்த பருத்திமாரை மருமகள் மழையில் நனையவிட்டுவிட்டாள். கோமதியம்மாளுக்கு ஆத்திரத்தில் நாக்கு நிலைதவறிற்று.

“ஏட்டி பத்திரகாளி, நீ வெந்து சாம்பலாப் போவே.”

வாய் மூடவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற பனையில் இடி இறங்கியது. அந்தச் சத்தத்தில் மணியாச்சியில் நின்ற கூட்ஸ் வண்டி டிரைவர் இல்லாமலே கிளம்பிற்று. நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

பாயில் விழுந்த கோமதியம்மாள் எழவில்லை. காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டது. கஞ்சி இறங்கவில்லை. பார்க்க வந்த பெண்கள், மருமகள் குறுக்கே நடந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

பத்திரகாளிக்கோ அவர்களைவிடப் பயம். புருஷன் அய்யாத்துரை அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டான்: “அம்மைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ இங்கன இருக்க முடியாது. ஒங்க அய்யா வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்.”

கோமதியம்மாள் மருமகளைக் கும்பிட்டாள். “தாயே, மன்னிச்சேன்னு ஒரு சொல்லு சொல்லிருங்க.”

“நான் ஒங்க மருமவ, அத்தே. அம்மன் மாதிரி நான் சொன்னா என் தலையில இடி விழுந்துரும்.”

“சொல்லாட்டா நான் போயிருவேன்.”

பத்திரகாளி ஜன்னல் வழியே கரிந்த பனையைப் பார்த்தாள். திருநீற்றை அள்ளி மாமியார் நெற்றியில் அப்பினாள்.

“மன்னிச்சேன்.”

சொன்னதும் இருவரும் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார்கள். ஓட்டில் மழை தட்டிற்று. வேறொன்றும் விழவில்லை. வெகுநேரம் கழித்துக் கோமதியம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: “கஞ்சி இருக்கா?”

அதன்பிறகு மருமகளுக்கு ‘வாங்க, போங்க’தான். சேதி புதியம்புத்தூர் வரை பரவிற்று. இந்தப் பேரை வைத்து அனுப்பினால் எந்த மாமியாரும் வாய் திறக்க மாட்டாள் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் தோன்றிவிட்டது. அடுத்த தைக்குள் பிறந்த பெண் பிள்ளைகள் எல்லாம் பத்திரகாளி. பெட்டை ஆட்டுக்குட்டிகளும் தப்பவில்லை. வேதக்காரரான பாக்கியசாமிகூடத் தம் மகளுக்குக் கோயிலில் தெரசம்மாள் என்று ஞானஸ்நானம் கொடுக்கச் செய்துவிட்டு, வீட்டில் மெதுவாக இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பத்திரகாளிக்குப் பெண் பிறந்தபோது மட்டும், மாமியாரும் மருமகளும் ஒரே வாயாக வெள்ளைத்தாய் என்று பெயரிட்டார்கள். அந்தப் பிள்ளையை இருவரும் பெயர் சொல்லி ஆசைதீர வைதார்கள்.