ஸ்டேஷன் படம்

வள்ளித்தாயின் வீட்டுக்காரர், பாண்டிச்செல்வியின் வீட்டு ஓட்டின்மேல் ஏறி நின்று, கொடைக்கானல் டிவி டவர் எந்தப் பக்கம் என்று கேட்டார். வள்ளித்தாய் வாசலில் நின்றபடியே வடமேற்கே கையை நீட்டினாள். இருபது வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. ஆண்டெனா திரும்பியதும், உள்ளே டிவியில் பூச்சி பூச்சியாகப் பறந்துகொண்டிருந்தது அடங்கி, ஒரு பெண் பளிச்சென்று வந்து சோப்பைக் காட்டிச் சிரித்தாள். வந்துவிட்டது, இறங்குங்கள் என்று வள்ளித்தாய் மேலே பார்த்துச் சொன்னாள்.

சிவகாசி பக்கத்து விஸ்வநத்தத்தில் எல்லா வீட்டுக்கும் கேபிள் வந்துவிட்ட 2008-ல் ஒருவர் ஆண்டெனா கட்டினால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும். சிரித்தது. ஆண்டெனா, தீப்பெட்டி ஏஜென்ட் அய்யாதுரையின் மொட்டைமாடியில் துருப்பிடித்துக் கிடந்தது, கேட்டதும் கொடுத்துவிட்டார். டிவி அரசாங்கம் கொடுத்தது. ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று வீடு வீடாக வந்தபோது வள்ளித்தாயின் சிநேகிதி பாண்டிச்செல்விக்கும் வந்தது. கண் தெரியாதவள் வீட்டுக்கு டிவி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கார்டுக்குக் கண்ணா இருக்கிறது. மூன்று மாதமாக அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல், அதன்மேல் பட்டாசுக் குழாய் சுருட்டும் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள் செல்வி.

போன வாரம்தான் வள்ளித்தாய் அதைப் பிரிக்க வைத்தாள். தன் வீட்டு அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் காதில், முன்னறையில் ஓடிய டிவியிலிருந்து ஒரு ரயில் சத்தமும், அதன் பின்னால் ஒரு ஒற்றைப் புல்லாங்குழலும் விழுந்தன. கரண்டியோடு ஓடிவந்து பார்ப்பதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் போடப்போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. படத்தின் பெயர் அவளுக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவளுக்கும் செல்விக்கும் அது ஸ்டேஷன் படம், அவ்வளவுதான். அதைச் செல்வி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் கேபிள் இழுக்காத செல்வி வீட்டில் ஆண்டெனா ஏறியது.

அதே வாரம் செல்வியின் அண்ணன் முனியராஜ் ஆலங்குளத்திலிருந்து வந்திருந்தான். சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன், நல்லவன். தங்கச்சியை இப்படித் தனியாக விட்டுவைக்க மனசு கேட்கவில்லை என்றான். செல்வியின் புருஷன் வேலுச்சாமி திருப்பூருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. முதல் ஆறு மாதம் பக்கத்துக் கடைக்கு போன் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வா என்று அண்ணன் கூப்பிட, அவுக வந்தா பூட்டின வீட்டைத்தான் பார்க்கணுமா என்று செல்வி மறுக்க, கடைசியில் அவன் வள்ளித்தாயைத் தனியாக அழைத்துப் போய், நீங்க சொன்னால் கேட்பாள், திங்கட்கிழமை காலையில் ஆட்டோவோடு வருகிறேன், அதற்குள் சொல்லிப் பாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான். வள்ளித்தாய் சரி என்றாள். சரி என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போவதுதான் நல்லது என்று புத்தி சொன்னது. அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று இன்னொன்று உள்ளே அழுதது.

அந்தக் காலத்தில் தெருவில் இருந்த ஒரே டிவி அய்யாதுரை வீட்டு டிவி. மரக்கதவு வைத்தது, பூட்டுச் சாவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு குரோஸ் அடிப்பெட்டி, தீக்குச்சி அடுக்குகிற உள்பெட்டி, ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் டிக்கெட். அய்யாதுரையின் மனைவி முத்துமாரியம்மாள் நுழையும்போதே ஒரு கட்டு அட்டையும் கிண்ணத்தில் பசையும் கொடுத்துவிடுவாள். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, விரலிடுக்கில் பச்சையாக ஒட்டிக்கொண்டு இரண்டு நாளைக்குப் போகாது. நூற்று நாற்பத்து நான்கு பெட்டியும் மூலை பிசகாமல் இருக்க வேண்டும். பிசகினால் அடுத்த வாரம் வாசலோடு சரி. ஆகவே அந்த வீட்டுக் கூடத்தில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து படம் பார்த்தார்கள் என்று சொல்வது பாதிதான் உண்மை. முப்பது நாற்பது பேர் குனிந்து உட்கார்ந்து படம் கேட்டார்கள். சண்டை என்றால் நிமிர்வார்கள், பாட்டு என்றால் நிமிர்வார்கள், முத்துமாரியம்மாள் தொண்டையைக் கனைத்தால் குனிந்துவிடுவார்கள். கிளைமாக்ஸ் நெருங்க நெருங்கத்தான் ஒட்டாத பெட்டி நிறையக் கிடக்கும். அதனால் எந்தப் படத்தின் முடிவையும் அந்தத் தெருவில் முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு.

வள்ளித்தாய்க்கும் செல்விக்கும் அப்போது பன்னிரண்டு வயது. அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வள்ளித்தாய்க்கு கை வேகம். இரண்டு பேர் பெட்டியையும் அவளே ஒட்டுவாள். அப்போது கண் நன்றாகத் தெரிந்த செல்வி பார்ப்பாள், பார்த்ததைக் காதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேலை செய்கிற மாதிரி ஒரு அட்டையை மட்டும் சாயங்காலம் முழுக்க மடக்கி விரித்துக்கொண்டிருப்பாள் கள்ளி. ஆனால் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவன் கதவுக்குப் பின்னாடி நிக்கான், அவளுக்குத் தெரியாது, இப்ப அவ கையில இருந்த தட்டு நடுங்குது என்று அவள் சொன்னால், தலை குனிந்திருந்த வள்ளித்தாயின் கையில் அட்டை நடுங்கும். பெரிய இடம் வந்தால் மட்டும் தொடையில் கிள்ளுவாள். அப்போது நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் பார்த்த படங்களெல்லாம் செல்வியின் குரலில்தான் வள்ளித்தாய்க்குள் இருக்கின்றன. கல்யாணமாகி சொந்தமாக டிவி வாங்கி, ஒரு பெட்டியும் ஒட்டாமல் காலை நீட்டிப் பார்த்த எந்தப் படமும் அந்தச் சுகத்தைக் கொடுக்கவில்லை. அந்தக் குரலுக்காக அவள் ஏங்கியிருக்கிறாள், சொல்லிக்கொள்ளத்தான் வெட்கம்.

ஸ்டேஷன் படத்தில், புருஷன் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறான். பெண்டாட்டி தினமும் ரயிலடிக்கு வந்து நிற்கிறாள். கடைசியில் ஒரு நாள் அவன் வருவதாகச் சேதி வருகிறது. ரயில் வந்து நிற்கிறது. பேச்சே கிடையாது, புல்லாங்குழல் மட்டும். அந்த வருஷம் மழை தப்பி, வள்ளித்தாயின் அப்பா கொல்லம் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிருந்தார். நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. புல்லாங்குழல் கேட்டதும் அவளுக்குப் பெட்டி ஒட்டக் கை ஓடவில்லை. பார்க்கவும் பயம். முத்துமாரியம்மாள் டிவிக் கதவைச் சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான், வந்தானா என்று கேட்டாள். வந்துட்டான், எல்லாரும் இறங்கின பிறகு கடைசியா இறங்கினான் என்றாள் செல்வி.

மறுநாளிலிருந்து வள்ளித்தாய் சாயங்கால பஸ்ஸுக்குப் போய் நின்றாள். கடைசி ஆள் இறங்கி, கண்டக்டர் விசில் ஊதி, பஸ் கிளம்பும் வரைக்கும் நகரமாட்டாள். அப்பா வரவில்லை. எந்த பஸ்ஸிலும் வரவில்லை. அம்மா இரண்டு வருஷம் கழித்துப் பொட்டை எடுத்தாள். ஆனாலும் இன்றுவரைக்கும் எந்த பஸ் நின்றாலும், கடைசி ஆள் இறங்குவதைப் பார்க்காமல் வள்ளித்தாயால் முகத்தைத் திருப்ப முடியாது. இது தன்னுடைய கிறுக்கு என்று அவளுக்குத் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படம் ஆரம்பித்தபோது செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காகிதத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்த அன்றைக்கு அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். உயிர் தப்பியது. இப்போது வெளிச்சம், இருட்டு என்ற இரண்டு மட்டும்தான் தெரியும். கை மட்டும் பழகிவிட்டது. கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தொட்டு, உருட்டிக் குழாயை உருவிப் போடுவதைப் பார்த்தால் கண் இல்லாதவள் என்று சொல்ல முடியாது. வள்ளித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். அவளுக்குச் செல்வி மாதிரி சொல்ல வரவில்லை. அவன் நடந்து போறான், இவ தண்ணி எடுக்கா என்று ரேடியோவில் சந்தை நிலவரம் வாசிக்கிற மாதிரி சொன்னாள். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சேலை, மூஞ்சி எப்படி வச்சிருக்கா என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வள்ளித்தாய்க்கும் வந்தது. ஒரு இடத்தில், பெரிய காட்சி என்று அவளையறியாமல் செல்வியின் தொடையில் கிள்ளிவிட்டாள். கிள்ளிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. செல்வி நிமிரவில்லை. தொடையைத் தடவிக்கொண்டு, இன்னும் உனக்குக் கை பலம்தான் என்றாள்.

ரயில் சத்தம் தூரத்தில் கேட்டபோது செல்வியின் கை நின்றது.

“வள்ளி, ஒண்ணு சொல்லணும்டி. அன்னைக்கு இந்தக் கடைசிய நான் பாக்கல.”

வள்ளித்தாய் திரும்பினாள்.

“புல்லாங்குழல் வந்ததும் நீ கண்ண மூடிட்ட. பசை முழங்கை வரைக்கும் வழியுது, உனக்குத் தெரியல. நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நிமுந்தா அந்தம்மா கதவச் சாத்திட்டாக. நீ கேட்ட. வாயில வந்தத சொல்லிட்டேன்.”

வள்ளித்தாய்க்கு முதலில் வந்தது கோபம்தான். மழையிலும் வெயிலிலும் நின்றது, அம்மா தேடி வந்து அடித்து இழுத்துப் போனது, எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

“உன் பேச்ச நம்பி எம்புட்டு பஸ் பாத்திருப்பேன்.”

“தெரியும். கூட நின்னவ நான்தான.”

அது உண்மை. ஒரு நாள்கூட அவளைத் தனியாக நிற்கவிட்டதில்லை. வள்ளித்தாயின் கோபம் அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றுவிட்டது.

“இன்னைக்கு நீ உள்ளதச் சொல்லு,” என்றாள் செல்வி. “அத வச்சுத்தான் நாளைக்கு அண்ணன் கூடப் போறதா வேண்டாமான்னு பாக்கணும்.”

படத்திடம் போய் வாழ்க்கையைக் கேட்பது கிறுக்குத்தனம். ஆனால் போனே பண்ணாத ஆளிடம் கேட்க முடியுமா. வள்ளித்தாய் டிவியைப் பார்த்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். தலைப்பாகைக்காரர் ஒருவர், கூடைக்காரி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய். அந்தப் பெண் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கூட்டம் குறைந்தது. ரயில்வே கார்டு பச்சைக்கொடியை அசைத்தார். ரயில் நகர்ந்து, கடைசிப் பெட்டியும் அவளைத் தாண்டிப் போனது. பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. புல்லாங்குழல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

“எறங்குனாரா?”

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு வள்ளித்தாய்க்கு ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் செல்வி நாளைக்கு ஆட்டோவில் ஏறிவிடுவாள். நல்லதுதான். செல்வி முகத்தை அவள் பக்கம் திருப்பி, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அன்றைக்குத் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று வள்ளித்தாய்க்குத் தோன்றியது.

“ஆளுக எறங்கிக்கிட்டு இருக்காகடி,” என்றாள்.

படம் முடிந்து, பழைய சோப்புப் பெண்ணே திரும்ப வந்து பாடினாள். படம் முடிந்தது செல்வியின் காதுக்குத் தெரியாமல் இருக்காது. பாதி சுருட்டிய குழாயை முழுசாகச் சுருட்டி உருவிக் கீழே வைத்தாள். வள்ளித்தாய் எழுந்து டிவியை அணைத்தாள்.

அப்போது சிவகாசியிலிருந்து வரும் ஆறரை மணி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வள்ளித்தாயின் கால்கள் அவளைக் கேட்காமலே வாசலுக்குப் போயின. பின்னாலேயே சுவரைத் தடவிக்கொண்டு செல்வியும் வந்து நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

“யாரு எறங்குறா, சொல்லு.”

வள்ளித்தாய் சொன்னாள். பூக்கூடையோடு ஒருத்தி இறங்குகிறாள், பச்சை ரவிக்கை. பட்டாசுக் கம்பெனி ஆட்கள் நாலு பேர், ஞாயிறும் வேலை போலிருக்கிறது, அலுமினியத் தூசி இன்னும் முகத்தில் மினுங்குகிறது. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர், பிள்ளையின் ஒரு கால் செருப்பைக் காணோம், படியில் நின்று தேடுகிறார். ஒன்றையும் விடாமல், சேலை நிறம், பை, நடை என்று எல்லாவற்றையும் சொன்னாள். செல்வியின் விரல்கள் அவள் தோளைப் பற்றியிருந்தன. பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தது. உள்ளே இன்னும் யாரோ எழுந்து படியை நோக்கி வருவது தெரிந்தது. கண்டக்டர் இன்னும் விசில் ஊதவில்லை.