ஏழாம் பாத்தியின் வயிறு

மரக்காணம் உப்பளத்தில் ஏழாம் பாத்திக்கு வைகாசி ஒன்பதாம் தேதி வயிறு தெரிய ஆரம்பித்தது. முதல் நாள் விரல் உயரம், வாரக் கடைசியில் முழங்கால் உயரம். தண்ணீர் வழிந்து ஓடாமல் மேட்டின் மேலேயே நின்றது. முதலாளி பலராமன் வானூரிலிருந்து சர்வேயரைக் கூட்டி வந்தார். அவர் டேப் பிடித்து ஒன்றரை அடி என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். பாத்திக்கு ஐந்து மாதம் இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வேலை என்னவோ நிற்கவில்லை.

காரணம் யுவராணிக்கு மட்டும் தெரியும். அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஏழாம் பாத்தியில் உப்பு வாருபவள் அவள்தான். ஆரோவில்லில் எலக்ட்ரீசியனாக இருக்கும் பிரபுவுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள், ஆவணியில் கல்யாணம். சித்திரையில் ஒருநாள் சவுக்குத் தோப்பில் பைக்கை நிறுத்திவிட்டு இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள் என்பது உண்மை. உடுத்திய துணி உடுத்தியபடியே இருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் நாள் தள்ளிப்போனதும் பாவம், அவள் காலண்டரைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். ஒன்றும் நடக்கவில்லையே என்று தேற்றிக்கொள்வாள். ஒருவேளை துணி வழியாக இருக்குமோ என்று மறுநிமிடமே தோன்றும். பிரபுவே நம்பாமல் போனால்?

அந்த உப்பளத்தில் விலக்கான பெண்கள் மூன்று நாள் பாத்தியில் கால் வைக்க மாட்டார்கள், வரப்பில் உட்கார்ந்து மூட்டை தைப்பார்கள். யாருக்கு எப்போது என்பது அதனால் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு நாள் தள்ளிப்போனபின் யுவராணி தானாகவே வரப்பில் உட்கார்ந்து மூன்று நாள் பொய்யாக மூட்டை தைத்தாள். நான்காம் நாள் பாத்தியில் இறங்கினாள். காலடியில் தரை எழும்பியது. அதுதான் வைகாசி ஒன்பது.

சோறு இறங்காமல் பத்து நாள் கிடந்துவிட்டு, கடைசியில் கிராம நர்ஸ் ஆரோக்கியசெல்வியிடம் போய் நடந்ததைச் சொல்லி அழுதாள். செல்வி டெஸ்ட் செய்து கார்டைக் காட்டினாள். ஒரே கோடு.

“உள்ள எதுவும் போகல, துணியும் கலையல. அப்புறம் புள்ள எப்படிம்மா தங்கும்? பயத்துலயே நாள் தள்ளிப்போகும். சாப்பிடாம வெயில்ல நின்னா இன்னும் தள்ளும். மொதல்ல போய் சாப்புடு. அடுத்த மாசமும் வரலன்னா வா, டாக்டர பாக்கலாம்.”

யுவராணி அன்று ஆறு இட்லி சாப்பிட்டாள். உப்பளத்தில் ஏழாம் பாத்தி பெருமூச்சு விட்டதைப் பத்துப் பேர் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவளுக்கு வந்துவிட்டது. ஒரே மாதத்தில் இரண்டாம் முறை வரப்பில் உட்கார்ந்தால் முன்பு உட்கார்ந்தது பொய் என்று தெரிந்துவிடும். உட்காராமல் வரப்போரம் நின்றாள். மேஸ்திரி சின்னப்பாப்பா அவளைப் பார்த்தாள், மட்டமாகிக் கிடந்த பாத்தியைப் பார்த்தாள்.

“உக்காரும்மா, மூட்ட நெறைய கெடக்குது,” என்று கோணி ஊசியை நீட்டினாள்.

மேடு விட்டுச்சென்ற உப்பு மாவு போல வெள்ளையாக இருந்தது. ஆவணியில் கல்யாணச் சமையலுக்கு அதைத்தான் போட்டார்கள். இப்போதும் வருஷத்தில் ஒன்றிரண்டு பாத்திகள் மேடு தட்டுகின்றன. யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. “செல்வி சிஸ்டர் வெள்ளிக்கிழமை வர்றாங்க,” என்று யுவராணி பொதுவாக ஒரு குரல் கொடுப்பாள். பிறகு எல்லோரும் அந்தப் பாத்தியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.