பெட்டியில் இருந்த நம்பர்

"ஒத்தக் கம்பியச் சொருகினா ரெண்டு ஸ்கிரீனும் எரியும்னு சொன்னியே நானா! எரிய மாட்டேங்குதே!"

"கத்தாதே. அந்த டாக், ஒன் லேப்டாப்புக்கு ஒத்து வருமான்னு பாத்தியா?"

"லேப்டாப் பெட்டியில உள்ள மாடல் நம்பர் டாக் கம்பெனிக்காரன் லிஸ்ட்ல இருக்கு. மூணு தடவ பாத்துட்டேன்!"

பஹீமா, துபாயில் இருக்கும் அண்ணன் ஜவஹர் அலியோடு ஸ்பீக்கரில் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கேட்காமல் போகுமா? இரண்டு வாரமாக என்னிடம் கிடந்த இடியாப்பத் தட்டைத் திருப்பிக் கொடுக்க அந்த நிமிஷம்தான் எனக்கு நேரம் கிடைத்தது.

மேஜையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புச் சாமான். அதுதான் டாக்கிங் ஸ்டேஷனாம். லேப்டாப்பிலிருந்து ஒரு கம்பி அதற்குப் போனால், அங்கிருந்து இரண்டு பெரிய திரைக்கும் படம் போகுமாம். சார்ஜ் ஏறியது, மவுஸ் நகர்ந்தது. திரைகள் மட்டும் இருண்டு கிடந்தன.

மூன்று மணிக்குப் பஹீமாவின் சென்னைக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் வந்து இரண்டு திரையும் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் வீட்டிலிருந்தே வேலை. ஓடாவிட்டால் சென்னைக்குப் போய் உட்கார வேண்டும். வாப்பா மவுத்தான பிறகு அந்த வீட்டில் உம்மா மெஹர் பானுவும் மகளும்தான். உம்மாவுக்குச் சர்க்கரை. இரண்டு வேளையும் ஊசி போடுவது பஹீமா.

"லேப்டாப்பக் கவுத்துப் போட்டு அடியில உள்ள நம்பரப் படி," என்றான் ஜவஹர் அலி.

படித்தாள். பெட்டியில் இருந்தது வேறு, இது வேறு.

"அடப்பாவமே, இது சம்பந்தி வீட்டுக்குன்னு வாங்குனதுல்ல? வெல கம்மி. இதுல அந்த ஓட்டையில படம் வராது. ஒனக்கு வாங்குனது எங்கே?"

மெஹர் பானு அக்கா அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி நகர்ந்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது, நான் எட்டிப் பார்த்தேன்.

"உம்மா!"

"என்னாடி பண்ணச் சொல்றே? ஒன்னு மெலிசா பளபளன்னு இருந்திச்சு, ஒன்னு தடியா இருந்திச்சு. பொண்ணு எடுக்குற எடத்துக்குத் தடியனையா குடுக்குறது? உள்ள இருந்தத மாத்தி வெச்சேன். ஒன் பெட்டியில இவன் மார்க்கர்ல ஒம்பேர எழுதித் தொலைச்சிருந்தான். அதக் குடுக்க முடியுமா?"

துபாய்ப் பெட்டி பிரிக்கிற அன்றைக்கு யாருக்கு எது என்று பங்கு வைப்பது அந்த வீட்டில் உம்மாதான். வாங்கினவனுக்குக்கூட அதில் பேச்சில்லை.

வேறு ஏதாவது வாங்கி மாட்டலாமென்றால் அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் பூட்டிப் போன கம்ப்யூட்டர் கடைக்காரர் நாலு மணிக்குத்தான் திறப்பார்.

"சம்பந்தி வீட்டுக்குப் போயி அத வாங்கிட்டு வர்றேன். ஒரு மணி நேரத்துக்குத்தானே."

"குடுத்தத திருப்பிக் கேட்டா ஒங்க நானா கல்யாணம் என்னாவுறது?"

"நான் போயிட்டா ஒனக்கு ஊசி யாரு போடுவா?"

பஹீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சுகம்க்கா, கூட வாங்களேன்." வேண்டாமென்று சொல்லுகிற ஆளா நான்? ஆட்டோவில் நெரவி தாண்டித் திருமலைராயன்பட்டினம் போய்ச் சேரும்போது மணி இரண்டு.

கதவைத் திறந்தவள் கல்யாணப் பெண் சித்திக்கா. விஷயத்தைக் கேட்டதும் முகம் சிறுத்துவிட்டது.

"அது இங்க இல்ல பஹீமா. வந்த மறுநாளே எங்க உம்மா பெரிய மருமவனுக்குக் குடுத்துட்டாங்க. நல்ல சாமான நாமளே வெச்சுக்கிட்டா அவரு என்ன நெனைப்பாருன்னு. அவரு அத எடுத்துக்கிட்டு சிங்கப்பூர் போயிட்டாரு."

திரும்பி வருகிற வழியெல்லாம் பஹீமா கையோடு எடுத்து வந்திருந்த டாக் கம்பியையே விரலில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

மூன்று மணிக்கு ஒரு திரையை லேப்டாப்பில் நேராகச் சொருகினாள், எரிந்தது. இரண்டாவதற்கு ஓட்டை கிடையாது. டாக்கைத் தட்டினாள், ஊதினாள், பிடுங்கிச் சொருகினாள். "யா அல்லாஹ், ஒரு அஞ்சு நிமிஷம் எரிஞ்சா போதும்" என்று அதனிடமே கெஞ்சினாள்.

"ரெண்டாவது ஸ்கிரீன் எங்கம்மா?" என்றது சென்னைக் குரல். "இன்னும் ரெண்டு நிமிஷம் மேடம், ப்ளீஸ்." ஐந்து நிமிஷமே கொடுத்தார்கள். பிறகு, "திங்கக்கெழம ஆபீசுக்கு வந்துருங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"வர்றேன்" என்றாள் பஹீமா, உம்மாவைப் பார்க்காமலே.

ரபியுல் அவ்வல் மாதத்தில் ஜவஹர் அலி நிக்காஹ் ஜாம்ஜாமென்று நடந்தது. பெரிய மருமகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அந்த மெலிசு லேப்டாப்பில் தம் பிள்ளைகள் கார்ட்டூன் பார்ப்பதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். சித்திக்காவைப் புருஷன் துபாய்க்குக் கூட்டிப் போய்விட்டான். மெஹர் பானு அக்காவுக்கு இரண்டு வேளையும் இப்போது நான்தான் ஊசி போடுகிறேன். பஹீமா வேளச்சேரியில் ஹாஸ்டலில் இருக்கிறாள், நிக்காஹுக்கு இரண்டு நாள் லீவில் வந்து போனதோடு சரி.