கண்ணாடியின் வெள்ளை விளக்கு

ஆய்வகத்தில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. கண்ணாடி விற்பவள் இல்லை. ஆராய்ச்சிக்கென்று செய்த மூக்குக் கண்ணாடிகள் அவை. சட்டத்துக்குள் ஒரு கேமரா, மைக், கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கும் குட்டிக் கேமராக்கள், தலை அசைவதைக் குறித்துக்கொள்ளும் உணரி, ஆள் உட்கார்ந்தாரா எழுந்தாரா என்பதைக் காற்றழுத்தத்தை வைத்தே சொல்லிவிடும் இன்னொரு உணரி என்று ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தியது. யாருடைய கண்ணாடியில் எது விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சட்டம் காதோரம் சுடும், சார்ஜும் சீக்கிரம் படுத்துவிடும். அதனால் ஆளுக்கு ஓர் அமைப்பு. எல்லாம் திறந்த அமைப்புக்கு அங்கே 'அம்மணம்' என்று பெயர். கேமராவையும் மைக்கையும் மூடிவிட்டு அசைவை மட்டும் பதிவதற்குப் 'போர்வை'. மேலதிகாரிகள் வரும்போது மட்டும் இந்தப் பெயர்கள் வாயை விட்டு வெளியே வராது.

மனிதர்கள் சொந்த வீட்டுக்குள் எங்கே, எப்படித் தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. மாட்டிக்கொள்ள ஆள் போதவில்லை. கண்ணாடிக்காரி தன் அக்காவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். இருவருக்கும் அப்பா அம்மா இல்லை, ஒருவருக்கு ஒருவர்தான். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு குட்டி. சத்தமும் வேண்டாம், படமும் வேண்டாம். வீட்டுக்குள்ள நடக்கறது வீட்டுக்குள்ளயே இருக்கணும். எனக்கு வாக்குக் குடு."

"போர்த்தி விட்டுடறேன் போதுமா? நீ ஏப்பம் விட்டாக்கூட யாருக்கும் கேக்காது."

அக்கா சிரித்தாள். கூச்சம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். படித்த பெண்தான், நினைப்பதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை, என்ன செய்வது.

முதல் நாள் கண்ணாடியோடு அக்கா வீட்டுக்குப் போனவள் அங்கேயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? அத்தான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேனொழுகப் பேசுகிற மனிதர். "நாம பேசறதையெல்லாம் இது கேக்குமாம்மா?" என்று கேட்டார். உடனே இவளுக்குப் பெருமை பொங்கிவிட்டது. சட்டத்தின் இடது மூலையில் இருந்த கடுகளவு விளக்கைக் காட்டினாள். "இந்த வெள்ளை விளக்கு எரிஞ்சா கேக்குது, இல்ல பாக்குதுன்னு அர்த்தம் அத்தான். எரியலன்னா இது செவிடு, குருடு." கைப்பேசியில் தட்டி எரிய வைத்தும் காட்டினாள், அணைத்தும் காட்டினாள். அத்தான் தலையாட்டிக்கொண்டார். "நல்லதா போச்சு. அப்ப இது எரியாத வரைக்கும் கவலை இல்ல."

அதற்கப்புறம் அக்கா தினமும் தன் மருந்துக்கடை வேலைக்குப் போகும் வழியில் பழைய கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏற்றிய இன்னொன்றை வாங்கிப் போனாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் பொத்தானை அழுத்தி மாட்டிக்கொள்வாள். பதிவு தொடங்கிவிட்டால் அமைப்பை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் ஆய்வகத்தின் கைப்பேசியோடு சேர்க்க வேண்டும், அந்தக் கைப்பேசியோ அந்த முதல் நாளுக்கு அப்புறம் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவன் 'பேட்டரி'. கூட வேலை செய்கிறவன். சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற ஒரே கவலையில் வாழ்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தடுக்கல்களைத் தானாகவே குறித்துத் தரும் திரையைப் பார்த்து அவன் சிரித்தான். "உங்க அக்காவுக்கு நல்ல கண் டாக்டரா காட்டும்மா. தினமும் சாயங்காலம் தடுக்கி விழறாங்க."

இவளும் சிரித்துக்கொண்டேதான் வந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வற்றியது.

தடுக்கி விழுகிறவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். நடை இடறும், உடம்பு முன்னால் சாயும், அப்புறம் தலை ஆடும். திரையில் அக்காவின் அசைவைக் காட்டும் கோட்டில் நடையே இல்லை. நின்றுகொண்டிருக்கிறாள். தன்னைவிட உயரமான ஏதோ ஒன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் தலை வெடுக்கென்று வலப்பக்கம் திரும்புகிறது. நேற்றும் வலப்பக்கம், முந்தின நாளும் வலப்பக்கம். அதன் பின் மெல்லக் கீழே இறங்கித் தரையில் வெகுநேரம் அசையாமல் இருக்கிறாள். நின்ற இடத்தில் நின்றபடி யாராவது தடுக்கி விழுவார்களா? அத்தான் அக்காவைவிட ஒரு தலை உயரம்.

கண்ணாடிக்காரி பேட்டரியிடம் எதையோ சொல்லிப் பூசி மெழுகிவிட்டு வெளியே போய் அக்காவை ஃபோனில் கூப்பிட்டாள். "தடுக்கறியாமே, என்னக்கா?" என்றாள். "மிதியடி வழுக்குதுடி," என்று அக்கா கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது.

இரவெல்லாம் புரண்டாள். காலையில் அக்கா வருவதற்கு முன்னால், ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம், போர்வை அமைப்பைத் திறந்து மைக்கை மட்டும் போட்டாள். கேமராவில் கை வைக்கவில்லை. கேட்டால் போதும், பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. சம்மதம் கேட்காமல் அமைப்பை மாற்றக் கூடாது என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவளே அவள்தான்! அக்கா கண்ணாடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள், தங்கையின் கன்னத்தைத் தட்டினாள், போய்விட்டாள். இவளால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரம். பேட்டரி வேறொரு கண்ணாடியைச் சோதித்துக்கொண்டிருந்தான். "இந்த விளக்கு இருக்கே, கண்ணைக் குத்துது," என்று முகத்தைச் சுளித்தான்.

விளக்கு.

மைக் விழித்தால் விளக்கு எரியும். அது அவளுக்குத் தெரியாதா? தினமும் பார்ப்பதுதான். ஆய்வகத்தில் நாள் முழுக்க எரிகிற விளக்கை யார் கவனிக்கிறார்கள்? மைக்கைப் போடுகிற அவசரத்தில் அந்த விளக்கு மனதிலேயே வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதன் அர்த்தம் தெரிந்த ஒரு மனிதர் இருக்கிறார். சொல்லிக்கொடுத்தவள் இவளேதான், எரிய வைத்தும் காட்டியிருக்கிறாள். ஐயோ, என் நாக்கு அழுகிப் போகாதா என்று தன்னையே சபித்துக்கொண்டாள். தன் ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது அத்தான்.

"சொல்லும்மா. அக்கா உள்ள வேலையா இருக்கா."

"ஒண்ணுமில்ல அத்தான், சும்மாதான்... கண்ணாடி மாட்டியாச்சா?"

"இப்பத்தான் மாட்டிக்கிட்டு வந்தா. நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் அத்தான். ஃபோன் வைக்கப்பட்டது.

எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? செருப்பை மாட்டினாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஓடினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று உயிரை வாங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்பது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தட்டினாள்.

அத்தான்தான் திறந்தார். சிரித்தார். "அட, வாம்மா. ஃபோன்ல சொல்லவே இல்லையே."

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் கண்ணாடி இருந்தது, இடது மூலையில் விளக்கு எரியவில்லை.

கண்ணாடிக்காரிக்கு ஒன்றுமே புரியவில்லை. பதிவே ஆகவில்லையா? "அக்கா, அந்த—" என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"முதல்ல உக்காரு," என்று அக்கா வெட்டினாள். "மூச்சு வாங்குது பாரு." அப்படிச் சொல்லிக்கொண்டே இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிய அழுத்தினாள்.

அப்போதுதான் இவள் அருகில் பார்த்தாள். கறுப்புச் சட்டத்தின் மூலையில், விளக்கு இருந்த இடத்தில், நகக்கண் அளவுக்கு வெட்டி ஒட்டிய கறுப்பு டேப். நேரே நின்று பார்த்தால் சட்டமும் டேப்பும் ஒன்றுதான். பக்கவாட்டில் மட்டும், டேப்பின் ஓரத்தில், நூலளவு வெள்ளை வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

அத்தான் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். இவள் சட்டென்று நகர்ந்து அக்காவின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா நிக்கிற? உக்காரு."

"பரவால்ல அத்தான்."

"உக்காருன்னு சொல்றேன்ல?" குரல் அதே தேன்தான், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் ஓரடி பக்கவாட்டில் எடுத்து வைத்தார். இவளும் ஓரடி எடுத்து வைத்தாள். தோளில் தோள் உரச நின்றபோது அக்காவின் உடம்பு காய்ச்சல்காரி போல நடுங்குவது தெரிந்தது. ஆனால் பேசும்போது அந்தக் குரலில் நடுக்கமே இல்லை.

"கண்ணாடி என்னவோ சுடுதுங்க. இவகூடப் போய் மாத்திக்கிட்டு வந்துடறேன்."

"நாளைக்கு மாத்திக்கலாம். கழட்டி வை."

கழற்றினால் அவர் கைக்குப் போகும். கண்ணாடிக்காரியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்தது எந்தச் சாமியோ தெரியவில்லை. "கழட்டக் கூடாது அத்தான்! சூடான நேரத்துல கழட்டினா பேட்டரி வெடிச்சாலும் வெடிக்கும். போன மாசம் ஒருத்தருக்குப் புருவமே போச்சு. அதுக்குத்தான் ஓடி வந்தேன்." அப்பட்டமான பொய். அத்தான் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பெண்டாட்டியை அடிக்கிற கைக்குப் புருவத்தின் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள்!

அக்கா பையைக்கூட எடுக்கவில்லை. இருவரும் வாசலைத் தாண்டிப் படியில் இறங்கினார்கள். ஒரு மாடி இறங்கியதும் இவள் கேட்டாள்.

"விளக்கை எப்பக்கா பாத்த?"

"கடையில, பொத்தானை அழுத்தினப்பவே. மருந்துக்கடையில டேப்புக்கா பஞ்சம்?"

"நான் வாக்கை மீறிட்டேன். நீ அணைச்சிருக்கலாமேக்கா. மாட்டாமயே இருந்திருக்கலாமே!"

"இருந்திருக்கலாம்." அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். இடது கன்னம் கன்றியிருந்தது. "எத்தனை தடவை உனக்கு ஃபோன் பண்ணியிருக்கேன் தெரியுமா குட்டி? இதைச் சொல்லத்தான் பண்ணுவேன். நீ ஹலோன்னு சொன்னதும் வாய் மிதியடி, மழைன்னு எதையாவது பேசிடும். இன்னிக்கு அந்த விளக்கைப் பாத்ததும், சரி, நான் சொல்ல வேண்டியதில்ல, அது கேட்டுக்கட்டும்னு தோணுச்சு. இன்னிக்கு நடந்ததெல்லாம் இதுல இருக்கு."

கண்ணாடிக்காரி வாய்விட்டு அழுதாள். அழுது முடிக்க நேரம் கிடைக்கவில்லை. மேலே கதவு திறந்து செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. "நில்லு! ஏய், நில்லுடி அங்க! ஏதோ ஒட்டியிருக்கே, என்னடி அது?"

ஓடலாம் என்று இவள் கையை இழுத்தாள். அக்கா அசையவில்லை. நகத்தால் டேப்பைக் கிளப்பிப் பிய்த்து எறிந்துவிட்டுத் திரும்பி, மேலே பார்த்து நின்றாள்.

அரைகுறை வெளிச்சமான அந்தப் படிக்கட்டில் விளக்கு பளீரென்று எரிந்தது. அத்தான் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார், ஓங்கிய கை ஓங்கியபடி. அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்குதுங்க," என்றாள் அக்கா. "அன்னிக்கே சொன்னாளே இவ. சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்க?"

கை மெல்ல இறங்கியது. "சீக்கிரம் வந்துடும்மா," என்றார் அத்தான், தேனாக. அந்தக் குரலைக் கேட்டபோதுதான் கண்ணாடிக்காரிக்கு முன்னைவிட அதிகமாகப் பயம் வந்தது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

தெருவில் கடைகள் திறந்திருந்தன, ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். இவளுக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கூட்டத்துக்குள் வந்த பிறகும் அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை, பிடித்த கையையும் விடவில்லை.

"குட்டி, இது எவ்வளவு நேரம் எரியும்?"

பேட்டரியைப் போல இவளும் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "மைக் மட்டும்தானே, ராத்திரி வரைக்கும் தாங்கும்."

"அப்ப வேகமா நட," என்றாள் அக்கா. "அது அணையறதுக்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடணும்."