மாக்கல்லின் பயன்கள்

தொண்ணூற்று நாலாம் வருஷம், மைசூர் தசரா பொருட்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் காலை, கனிமக் கம்பெனியின் காட்சி மேசையைக் கவிழ்த்தது இராமச்சந்திரன்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் பழியில் பங்கு கொடுக்கவும் ஆள் கிடைக்கவில்லை. சுவரில் உலக உற்பத்தி வரைபடம் கோணலாகத் தொங்கியது. சீனா தன் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மெக்னசைட், பேரைட், மாக்கல் என்று மூன்றிலும் முதலிடத்தில் நிற்கிற நாட்டை அப்படிச் சாய்த்து வைப்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. ஸ்டூலைத் தேடச் சோம்பல்பட்டு மேசைமேலேயே ஏறினார். மடக்குக்கால் மேசை. மடங்குவது அதன் சுபாவம்.

வெள்ளைக் கனிமங்கள் மட்டும் வைப்பது அவருடைய சொந்த யோசனை. சீனாக் களிமண், மாக்கல், ஜிப்சம், கால்சைட், பேரைட், படிகக்கல் என்று எல்லாம் வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அட்டை: எதற்குப் பயன், எந்த நாட்டில் அதிகம். அட்டையைக் கல்லில் ஒட்டினால் களையாக இருக்காது என்று தடுத்ததும் அவரேதான். இப்போது கற்கள் ஒரு மூலையில், அட்டைகள் ஒரு மூலையில், மாதிரிக்கு வைத்த பவுடர் பொட்டலம் வெடித்ததில் அவர் தலை ஒரேயடியாய் நரைத்துப்போய்.

"ஒட்டீரலாமுங்க சார்னு அப்பவே சொன்னேனுங்களே," என்றார் கூட வேலை செய்யும் முனிராஜ். ஹனூர்க்காரர், சத்தம் கேட்டு வெளியிலிருந்து ஓடிவந்திருந்தார்.

"சொன்னப்பா. கல்வெட்டுல வெட்டி வெச்சிடலாம்."

"நாளைக்கு மந்திரி வர்றாருங்க. ஜிப்சத்தக் காட்டி மூஞ்சிக்குப் போடற பவுடருன்னா என்னாகறதுங்க?"

"அவரு எதைக் காட்டினாலும் ரொம்ப சந்தோஷம்னுதான் சொல்லுவாரு. நீ மேசைக்கு நல்ல காலாப் பாரு. கல்லுக்கு நான் பொறுப்பு."

கற்களையும் அட்டைகளையும் ஒரு சாக்கில் கட்டி, ஆட்டோவில் விஜயநகர் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பினார். மகள் தாரணி எட்டிப் பார்த்து, "கல்லு சாம்பாராப்பா?" என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது. இந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் முடியும்.

பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள் விநாயகர் சதுர்த்திக்கு வந்தவள், பண்டிகைக்கு வருகிறவர்கள் கொண்டுவராத அளவு பெரிய பெட்டியோடு. ஏன் என்று கேட்க வேண்டும், கேட்டார். "பெங்களூர்ல தண்ணிக் கஷ்டமா, குளிச்சிட்டுப் போலாம்னு வந்தியா?" என்றுதான் கேட்டார். "சும்னே, சும்மாதான் வந்தேம்பா," என்றாள். ஹேமந்த் போன் செய்யவே இல்லையே என்பதை, "மாப்பிள்ளைக்குக் கீழ்வீட்டு நம்பர் மறந்துடுச்சோ, இல்ல விரலே தேஞ்சுடுச்சோ?" என்று கேட்டார். அதற்கும் சிரிப்பு. அக்கம்பக்கத்தில் தசரா பார்க்க வந்திருக்கிறாள் என்று சொல்லிவைத்தார். தசராவுக்கு இத்தனை முன்னால் யானைகூடக் காட்டிலிருந்து வருவதில்லை.

நேராகக் கேட்கப் பயம். திரும்பிப் போவதாகச் சொல்லிவிட்டால்? மனைவி சொர்ணலதா கண்மூடிய பிறகு ஒரு டம்ளர் அரிசி வைத்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது இரண்டு வைக்கிறார். மாலையில் மாடிப்படி ஏறும்போதே வீட்டுக்குள் விளக்கு எரிவது தெரிகிறது. மகளுடைய வாழ்க்கை எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் தான் குளிர் காய்கிறோம் என்று நினைத்தபோது தன்மேலேயே அவருக்கு அசிங்கமாக வந்தது. அசிங்கமாக இருந்தாலும், மறுநாளும் பாலில் ஒரு பாக்கெட் கூடுதலாகத்தான் வாங்கினார்.

கற்களைப் பிரிப்பது சுலபம். தூக்கும்போதே மணிக்கட்டை இழுப்பது பேரைட். கண்ணாடியைக் கீறுவது படிகக்கல். அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைப்பது கால்சைட். நாக்கில் வைத்தால் விடாமல் ஒட்டுவது சீனாக் களிமண். நகத்துக்கே இடம் கொடுத்து, சோப்பு மாதிரி வழுக்குவது மாக்கல். சாயங்காலத்துக்குள் அட்டைகள் எல்லாம் அந்தந்தக் கல்லுக்கு முன் உட்கார்ந்துவிட்டன. கீழ்வீட்டில் கம்பெனியிலிருந்து போன் என்று கூப்பிட்டார்கள். போய், திட்டு வாங்கி, மேலே வந்தார்.

மாக்கல்லின் ஒரு முனை குறைந்திருந்தது. உடைந்த முனையில்லை. கையில் எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். பல் பட்ட வரிகள்.

சிலேட்டுப் பலப்பம் செய்வது இந்தக் கல்லில்தான். தாரணி வயிற்றிலிருந்தபோது சொர்ணலதா பலப்பமாகத் தின்று தீர்த்தாள். தேவராஜ மார்க்கெட்டில் அவர் டப்பா டப்பாவாக வாங்கியதைப் பார்த்து, கடைக்காரர் எந்த ஸ்கூலில் மேஷ்டரு என்று கேட்டிருக்கிறார். முகப்பவுடர், காகிதம், பெயின்ட், ரப்பர் என்று இவர் எழுதிய அட்டையில் அந்த ஒரு பயன் இல்லை.

தாரணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வாயோரம் வெள்ளை.

வேடிக்கையாக ஏதோ ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"எத்தனை மாசம்மா?"

"மூணு முடிஞ்சுது."

"ஹேமந்துக்குத் தெரியுமா?"

"தெரியும். இப்போ பேடா, வேண்டாம், கலைச்சிடுன்னாரு. நான் வேணும்னேன். மறுபடி மறுபடி அதே. பெட்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப இங்கயே இரு," என்றார். இவ்வளவு நாள் நெஞ்சுக்குள் ஒத்திகை பார்த்தது அவ்வளவு சீக்கிரம் சொல்லி முடிந்துவிட்டது. "உள்ரூம காலி பண்ணித் தரேன். தூளிக்கு அங்க கொக்கி இருக்கு. திரும்பிப் போகணும்னு ஒண்ணுமில்ல."

"திரும்பிப் போகலப்பா." அவள் நாற்காலியை இழுத்து, கற்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஆனா இங்கயும் இருக்கப்போறதில்ல. கொள்ளேகால்ல ஒரு கான்வென்ட்ல வேலை சிக்கிடுச்சு. ரூமும் கொடுக்கறாங்க. தசரா லீவு முடிஞ்சதும் சேரணும். மாசமா இருக்கேன்னும் சொல்லிட்டேன்."

முன்பின் தெரியாத கான்வென்டுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"இங்க என்னம்மா குறை?"

தாரணி அவரை நேராகப் பார்த்தாள்.

"இங்க இருந்தா நீங்க என்னைச் சிரிக்க வெச்சிட்டே இருப்பீங்க. நானும் உங்களுக்காகச் சிரிச்சிட்டே இருப்பேன். எனக்குக் கொஞ்ச நாள் சிரிக்காம இருக்கணும்பா."

அவர் தலையாட்டினார். அவள் வாயோரத்து வெள்ளையைத் துடைத்துவிடக் கை நீட்டினார். பகலெல்லாம் கல் தொட்ட கை. துடைக்கத் துடைக்க அது கன்னம்வரை பரவியது. அவள் முகத்தை நகர்த்திக்கொள்ளவில்லை.