வரப்புக்கு அந்தப் பக்கம் கரம்பை

சோலையம்மாளின் காட்டில் கண்மாய்க் கரம்பை கொட்டிய அன்று பொன்மணிக்குச் சோறு இறங்கவில்லை. டிப்பர் டிப்பராக வந்தது. ஈரம் காயாத கறுத்த வண்டல் மண். மம்பட்டி பட்ட இடமெல்லாம் பளபளத்தது. அடியில் வெறும் சுண்ணாம்புப் பாறையாக இருக்கும் சுக்கான் பூமியில் ஒரு சாண் மேல்மண்ணை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அப்படி ஒரு மண்ணைப் பார்த்தாலே வாய் ஊறும்.

"அக்கா, இங்கன வாங்க. ஒரு கை அள்ளிப் பாருங்க, எம்புட்டுக் குளுமையா இருக்கு!" என்று வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள் சோலையம்மாள். பொன்மணியின் கொழுந்தன் பெண்டாட்டி.

"நான் எதுக்குட்டி அள்ளணும்? நீயே அள்ளி மூஞ்சில அப்பிக்க."

சோலையம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

இரண்டு பேருடையதும் முன்பு ஆடு மேய்ந்த ஒரே மானாவாரிக் காடு. மேற்கு ஓரத்தில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். வெட்டி முடித்தவர்கள் பள்ளத்தை அப்படியே விட்டுப் போனார்கள். சும்மா கிடந்த பள்ளத்தில் யார் யாரோ பட்டாசு மருந்துக் கழிவைக் கொண்டுவந்து தட்டினார்கள். மழை பெய்தால் பள்ளம் நிறைந்து மேற்குப் பாதியில் வழியும். காய்ந்த பிறகு தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு நிற்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, மூத்த மருமகள் என்ற உரிமையில் கிழக்குப் பாதியைக் கேட்டு வாங்கியவள் பொன்மணி. மேற்கில் மேய்ந்த சோலையம்மாளின் ஆடுகள் நுரை தள்ளிச் செத்தபோது, போய் உட்கார்ந்து "அய்யோ பாவமே" என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது நடை லேசாக இருந்தது.

இப்போது அரசாங்கம் பள்ளத்தைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பியிருந்தது. மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். மேற்குப் பாதி முழுக்க ஈயமும் பேரியமும் இருப்பதாகச் சொல்லி, இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தார்கள். எடுத்த குழியை நிரப்பத்தான் கரம்பை.

"அவ காட்டுக்கு மட்டும் கரம்பையாம். நமக்கு?" என்று புருஷன் ஊர்க்காவலனிடம் கேட்டாள்.

ஊர்க்காவலன் பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். "நம்ம காட்டுல விஷமில்ல. அதான் தரல. வேணும்னா இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவிளக்கு நேந்துக்க, எங்காட்டுக்கும் விஷத்தைக் குடு தாயேன்னு."

அவன் கேலிக்குச் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் ஷைலாவிடம் போய் நின்றாள். "ஏந் தாயி, ரெண்டும் ஒரே காடுதான? வரப்பு போட்டா விஷம் தாண்டி வராதா? எங்கதையும் நல்லாப் பாருங்க."

"ஏற்கெனவே பார்த்தாச்சும்மா, சுத்தமா இருக்கு."

"ஓரத்துல பார்த்தீக. நடுவுல பார்த்தீகளா?"

நச்சரிப்புப் பொறுக்காமல் ஷைலா நாலு இடத்தில் குச்சி அடித்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை வந்து அந்த இடங்களில் மண் எடுப்பதாகச் சொன்னாள்.

தோண்டிய விஷமண் லாரிக்காகத் தார்ப்பாய்க்குக் கீழே குவிந்து கிடந்தது. வேலையாட்கள் சாப்பிடப் போன மத்தியானத்தில் பொன்மணி ஒரு கூடை அள்ளினாள். மேலே புல்லைப் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வாழ்நாள் முழுக்க மண் சுமந்த தலை, கழுத்து கொஞ்சமும் ஆடவில்லை. குச்சிக்கு இத்தனை என்று பங்கு வைத்து, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, காலால் மிதித்துச் சமப்படுத்தினாள். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

சோதனை முடிவோடு வந்த ஷைலாவின் முகத்தில் குழப்பம். "நாலு இடத்துலயும் இருக்கும்மா. ஆனா மேலாக்கதான். கீழ ஒண்ணுமே இல்ல. அங்க தோண்டுனப்ப காத்துல தூசி வந்து படிஞ்சிருக்கும் போல. மேல்மண்ணை மட்டும் வழிச்சு எடுத்தாப் போதும். சம்மதமா?"

பொன்மணி காதில் 'இருக்கு' என்பதும் 'எடுத்தா' என்பதும்தான் விழுந்தன.

வரப்பில் நின்ற சோலையம்மாள் பதறினாள். "சம்மதிக்காதீகக்கா! மேல்மண்ணு போனா காட்டுல என்ன இருக்கு? இன்னொருக்கா சோதிக்கச் சொல்லுங்க."

'வயித்தெரிச்சலைப் பாரு' என்று நினைத்தாள் பொன்மணி. 'எனக்கும் கரம்பை வந்துருமேன்னு பொறுக்கல.'

"எடுத்துக்கோங்க தாயி," என்றாள்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து, தோசைக்கல்லில் சுரண்டுவது மாதிரி வழித்துக்கொண்டே வந்தது. போன இடமெல்லாம் வெளுத்த சுக்கான். பாதிக் காடு முடிந்தபோது பொன்மணி ஷைலாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"கரம்பை லோடு எப்ப தாயி வரும்?"

"கரம்பையா? உங்களுக்கு இல்லையேம்மா. ரெண்டடி தோண்டுன குழியைத்தான் நிரப்பச் சொல்லியிருக்கு. உங்களுக்குக் குழியே இல்லையே."

"நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று கத்தினாள் பொன்மணி. ஜேசிபி நின்றது.

"எதுக்கும்மா நிப்பாட்டணும்?" என்றாள் ஷைலா. "குச்சி அடிச்ச இடத்துல மட்டும்தான் இருக்குன்னா அதை மட்டும் அள்ளிட்டுப் போயிருவோம். நாலு இடத்துலயும் இருந்தா காடு பூராவும் இருக்குன்னுதான அர்த்தம்?"

குச்சி அடிச்ச இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வாய் போதும். பாதிக் காடு மிஞ்சும். சொல்ல வாயெடுத்தாள். வரப்பைத் தாண்டிச் சோலையம்மாள் ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லக்கா, கேட்டீகளா? சரி விடுங்க. எங்காட்டுல கரம்பை மிச்சமா மேடு தட்டிக் கிடக்கு. அள்ளி உங்களுதுல போட்டுக்கோங்க. நம்ம என்ன வேத்தாளா?"

அவள் உண்மையாகத்தான் சொன்னாள். கண்ணில் கள்ளமில்லை. இவள் முன்னால் கூடையையும் புல்லையும் சொல்வதா? இவள் கொடுத்த கரம்பையில் கம்பு விதைத்து, அந்தக் கம்பைக் குத்திக் கூழ் காய்ச்சிக் குடிப்பதா? ஊர் முழுக்க இவள் நல்ல மனசைப் பேசும்.

"உங்கரம்பையை நீயே கட்டிக்கிட்டு அழு," என்றாள் பொன்மணி.

பிறகு ஜேசிபி டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"நீ எடு தம்பி. ஒரு கூடை மிச்சம் வைக்காம அம்புட்டையும் எடு."